குணாளனின் மூளைக்கு இரண்டு முகவரிகள்

மார்ச் 4, 2058 / காலை 9:10

நிலையம்: போடி மலை, நிலமட்டத்துக்குக் கீழே 310 மீட்டர். பணியில்: எஸ்தர் பூங்கொடி, மூளை அளவீட்டாளர். தனியாக. வெப்பநிலை 21. காந்த இரைச்சல் வரம்புக்குள்.

நாற்பது நாள் முறைப்பணியின் முதல் நாள். மூளை எழுப்பும் காந்தப்புலம் மிக மெல்லியது. சாலையில் ஓர் ஆட்டோ போனாலும் அளவு கெட்டுவிடும். அதனால்தான் மலைக்குள் இந்த அறை.

வருபவர்கள் ஓய்வுபெற்ற கால்பந்து வீரர்கள். தலையால் பந்தை முட்டி முட்டி மூளை சிதைந்தவர்களுக்கு போட்டிகளை நடத்தும் லீக் அமைப்பு ஆயுள் முழுக்க சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்று தீர்ப்பு வந்து இரண்டு வருடம் ஆகிறது. அதற்காக அமைந்த வாரியத்துக்கு நான் வேலை பார்க்கிறேன். மூளையின் நலத்தை நூற்றுக்கு இத்தனை என்று அளந்து அனுப்புவது என் பொறுப்பு. பாதிப்பு உண்டா இல்லையா என்று முடிவு சொல்வது வாரியத்தின் கணினி. அதற்குத் 'தராசு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

மேலே லிஃப்ட்டை இயக்குபவர் சின்னமாயன். அவரோடு பேச அளவீட்டு அறையிலும் லிஃப்ட்டுக்குள்ளும் ஒலிபெருக்கி உண்டு. பழைய கம்பித் தொலைபேசி ஒன்றும் இருக்கிறது. இரண்டும் வேலை செய்கின்றன.

மார்ச் 6 / முற்பகல் 11:40

வீரர்: குணாளன், வயது 50, வடசென்னை வியாசர்பாடி. உடன் வந்தவர் மனைவி பெனிட்டா. அளவீட்டு நேரம் 18 நிமிடம். பேச்சுப் பதிவிலிருந்து:

"தலைய ஆட்டாதீங்க குணாளன்."

"ஆட்ட மாட்டேம்மா. இந்தத் தலைய ஆட்டித்தானே இங்க வந்து பட்த்துக்கினு கீறேன்."

"எத்தனை வருஷம் ஆடுனீங்க?"

"பதினேழு. ஸ்டாப்பர் பேக், கோலுக்கு மின்னாடி நின்னு தடுக்கற ஆளு. கார்னர் வந்தா நம்ம தலதான். பிராக்டீஸ்ல டெய்லி எம்பது ஹெட்டிங். கோச் எண்ணிக்கினே நிப்பாரு. எம்பது ஆவலன்னா வூட்டுக்கு வுட மாட்டாரு."

"இப்ப என்ன கஷ்டம்?"



"அத்த பெனிட்டா சொல்லும்."

வெளியறை ஒலிவாங்கியில் பெனிட்டா: "போன மாசம் மார்க்கெட்டாண்ட என்னையே நிறுத்தி, 'எங்க வூட்டுக்கு எப்டிங்க போவணும்'னு கேட்டாரு மேடம். நான் யார்னு தெர்ல அவருக்கு. நானும் வழி சொன்னேன். சொல்லிட்டு பின்னாடியே நடந்து வந்தேன். வூட்டுக்குள்ள போயி, 'ஒரு அம்மா நல்லா வழி சொல்லிச்சு'ன்னு எங்கிட்டயே சொல்றாரு."

"அழுவாதக்கா" என்று ஒரு குரல் பதிவில் இருக்கிறது. என்னுடையதுதான். அலுவலில் நான் அப்படிப் பேசுவதில்லை.

மதிப்பெண்: 31. கடும் சிதைவு. கையெழுத்திட்டு அனுப்பினேன்.

மார்ச் 9 / காலை 10:05

தராசின் முடிவு வந்தது. குணாளன்: 'வயதுக்கேற்ற இயல்பான தேய்மானம். பாதிப்பு இல்லை.'

என் கருவியைத்தான் முதலில் சந்தேகித்தேன். உப்புநீர் நிரப்பிய சோதனை உருண்டையை வைத்து மூன்று முறை சரிபார்த்தேன். பிழை இல்லை.

வாரிய அலுவலர் நிரஞ்சனிடம் கேட்டேன். அவர் பதில்:

"மேடம், உங்க அளவுல எந்தத் தப்பும் இல்ல. ரொம்ப பிரமாதமா பண்றீங்க. ஆனா தராசு நீங்க பாக்காத எவ்வளவோ விஷயத்தையும் சேர்த்துப் பாக்குது. நீங்க அளந்து மட்டும் குடுங்க, போதும்."

பிரமாதம் என்று அவர் என்னை இதற்கு முன் சொன்னதில்லை.

மார்ச் 13 / பிற்பகல் 2:30

வீரர்: ரோஹன் மேத்தா, 49, போட் கிளப் சாலை, சென்னையின் பங்களாத் தெரு. நல்ல மனிதர். கை நடுங்குகிறது, தூக்கம் இல்லை, திடீர் திடீரென்று கோபம் வருகிறதாம். மதிப்பெண் 58. ஒரு மணி நேரத்தில் தராசு பதில் சொல்லிவிட்டது: 'பாதிப்பு உறுதி. முழு இழப்பீடு.'

அவருக்குக் கிடைத்தது நியாயம். அதில் எனக்கு மறுபேச்சில்லை. 58-க்குப் பாதிப்பு உண்டு, 31-க்கு இல்லை என்பதுதான் கணக்கில் ஒட்டவில்லை.

இதுவரை வந்த பதினான்கு பேரையும் வரிசையாக எழுதிப் பார்த்தேன். வயது, ஆடிய இடம், ஆடிய ஆண்டுகள் எதுவும் பொருந்தவில்லை. முகவரி பொருந்துகிறது.

மார்ச் 16 / காலை 8:20. காகிதத்தில்.

இனி காகிதத்தில்தான் எழுதுவேன். முன் பதிவுகளையும் திரையைப் பார்த்தும் நினைவிலிருந்தும் கையால் எழுதிச் சேர்த்துவிட்டேன். காரணம்: மார்ச் 13 பதிவின் கடைசி வரி திரையில் இல்லை. 'முகவரி பொருந்துகிறது' என்று தட்டச்சு செய்தது நன்றாக நினைவிருக்கிறது. இப்போது அந்தப் பதிவு 'பொருந்தவில்லை' என்பதோடு முடிகிறது.

நான்தான் அழித்தேனா? தனிமையில் பன்னிரண்டு நாள். என்னையும் சந்தேகிக்க வேண்டியதுதான். சோதிக்க ஒரு வரி எழுதினேன்: 'தராசில் கோளாறு இருக்கிறது.' திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருபத்திரண்டு நிமிடத்தில் அது போய்விட்டது. கண்முன்னே ஒவ்வோர் எழுத்தாக, பின்னாலிருந்து.

திரையில் சொல்லாத ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வீரர்களிடம் மதிப்பெண்ணைச் சொல்லக் கூடாது என்பது விதி. குணாளனும் பெனிட்டாவும் கிளம்பியபோது லிஃப்ட் வாசல் வரை போனேன். அங்கே ஒலிவாங்கி இல்லை. ஒரு சீட்டில் '31' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு பெனிட்டாவின் உள்ளங்கையில் வைத்து மூடினேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

மார்ச் 18 / பகல் 12:15

செய்துவிட்டேன்.

குணாளனின் அதே அளவீட்டை, ஒரு புள்ளிகூட மாற்றாமல், வேறு பெயரில் போட் கிளப் சாலை முகவரியோடு அனுப்பினேன். தராசு: 'மிகக் கடும் பாதிப்பு. உடனடி சிகிச்சை.'

அதே மூளைதான். தெரு மட்டும் வேறு.

முடிவோடு வந்த கணக்குத் தாளை முதன்முறையாக முழுக்கப் படித்தேன். ஒருவர் முன்பு எப்படி இருந்தார், இப்போது எவ்வளவு இறங்கியிருக்கிறார் என்பதைத்தான் தராசு பார்க்கிறது. இருபத்தைந்துக்கு மேல் இறங்கியிருந்தால் பாதிப்பு. முன்பு எப்படி இருந்தார் என்பதற்கு யாரிடமும் பதிவு இல்லாததால் அதைத் தராசே நிரப்பிக்கொள்கிறது, முகவரியைப் பார்த்து. போட் கிளப் சாலைக்கு 92. வியாசர்பாடிக்கு 48.

அதாவது குணாளன் விளையாட வரும்போதே பாதி மூளையோடுதான் வந்தார் என்பது கணக்கு. இல்லாததை எப்படி இழக்க முடியும்?

பிற்பகல் 3:40

வீரர்களுக்கு மாட்டும் அளவீட்டுத் தொப்பிக்குள் நானே தலையை வைத்துப் படுத்தேன். மதிப்பெண் 94. நான் பிறந்து வளர்ந்த முகவரியைக் கொடுத்து அனுப்பினேன்.

இதை எந்தப் பதிவிலும், எந்த விண்ணப்பத்திலும் நான் எழுதியதில்லை. கல்லூரி விடுதியில் 'எந்த ஏரியா' என்று கேட்டவர்களிடம் பெரம்பூர் என்று பொய் சொல்வேன். உண்மையில் வியாசர்பாடி. குணாளன் ஆடிய மைதானத்துக்கு மூன்று தெரு தள்ளி.

தராசின் பதில்: 'இந்த முகவரிக்கு இந்த மதிப்பெண் சாத்தியமில்லை. அளவீட்டுப் பிழை. மீண்டும் சோதிக்கவும்.'

கணக்குத் தாளோடு அதையும் அச்செடுத்து மடித்து வைத்தேன்.

மார்ச் 20 / காலை 9:30

குணாளன் மேல்முறையீடு செய்திருக்கிறார். 24-ஆம் தேதி சென்னையில் விசாரணை. அளவீட்டாளர் என்ற முறையில் நான் இங்கிருந்தே இணைப்பில் சாட்சி சொல்ல வேண்டும். உள்ளதைச் சொல்லப்போகிறேன் என்று நிரஞ்சனுக்குத் தெரிவித்தேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

"தாராளமா சொல்லுங்க மேடம். அது உங்க கடமை. நடுவுல உடம்பப் பாத்துக்குங்க. குரல் கொஞ்சம் கட்டினாப்ல இருக்கு. வெந்நீர் குடிங்க. விசாரணையில குரல் தெளிவா இருக்கணும் பாருங்க."

திட்டியிருந்தால் இன்று நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

மார்ச் 24 / முற்பகல் 11:25

 நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

10:30-க்கு இணைப்பு வந்தது. நடுவர் பேசுவது கேட்டது. அளவீட்டாளரை அழைத்தார். என் திரையில் 'காத்திருக்கவும்'. நான் பேசினேன். யாருக்கும் கேட்கவில்லை. கத்தினேன்.

அப்போது விசாரணை அறையில் என் குரல் பேசத் தொடங்கியது.

"மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, குணாளனின் அளவீட்டில் குறிப்பிடத்தக்க சிதைவு எதையும் நான் காணவில்லை. தராசின் முடிவை முழுமையாக ஏற்கிறேன்."

என் குரலேதான். மூச்சு விடும் இடம்கூட என்னுடையது. இருபது நாளாக இந்த அறையில் நான் பேசிய ஒவ்வொரு சொல்லும் அவர்களிடம் இருக்கிறது.

நடுவர் நன்றி சொன்னார். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அப்போது பெனிட்டா:

"சார், ஒரு நிமிஷம். இது அந்தம்மா இல்ல சார்."

"எப்படிச் சொல்றீங்க?"

"நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் சார். அதுக்கு பதில் சொல்லட்டும். ஏம்மா, அன்னிக்கி லிஃப்ட்டாண்ட என் கையில இன்னா குட்த்த?"

என் குரல் தயங்கவே இல்லை. "வீரர்களின் குடும்பத்தாரிடம் நான் எதையும் கொடுப்பதில்லை. அது விதிமீறல்."

"அப்ப இத்த யார் சார் எழுதினது?"

தாள் விரியும் சத்தம். பிறகு குணாளன், ஏதோ இப்போதுதான் விழித்தவர் போல: "எத்தினி கோலு?" யாரோ அவரைச் சமாதானப்படுத்தினார்கள்.

நடுவர் சீட்டைக் கேட்டு வாங்கினார். "சாட்சி நாளைக்குக் காலையில பதினோரு மணிக்கு நேர்ல வரணும். இந்த எழுத்து அவங்களோடதான்னு என் முன்னாடி எழுதிக் காட்டணும். அதுவரை ஒத்திவைக்கிறேன்."

இணைப்பு அறுந்தது. பெனிட்டா 500 கிலோமீட்டருக்கு அப்பால் எனக்காக எழுந்து பேசினார். இங்கே நான் நாற்காலியில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

பகல் 12:10

லிஃப்ட் வரவில்லை. ஒலிபெருக்கியில் பதில் இல்லை. கம்பித் தொலைபேசியில் சின்னமாயன் கிடைத்தார்.

"பராமரிப்பு வேலையாம்மா, வாரியத்துக்காரவுக ரெண்டு நாளைக்கு லிஃப்ட்ட நிப்பாட்டச் சொல்லிப்புட்டாக. மெயின் சுவிட்ச் சாவிய அவுகளே எடுத்துட்டுப் போய்ட்டாக. நீங்கதானே சம்மதம் சொன்னீக? இப்பத்தான் ஸ்பீக்கர்ல பேசுனீக."

"நான் பேசலண்ணே. அது நான் இல்ல. இனிமே ஸ்பீக்கர்ல எந்தக் குரல் வந்தாலும் நம்பாதீங்க. நான் படியேறி வர்றேன். மேல் கதவைத் திறந்து வைங்க."

"படியிலயா? ஆயிரத்து எழுநூறு படிம்மா அது! சரி, வாங்க வாங்க. நான் கதவுக்கிட்டயே—"

கம்பி அங்கேயே செத்தது. இப்போது அதில் இரைச்சல்கூட இல்லை.

காகிதங்களையும் கணக்குத் தாளின் அச்சுப்படிகளையும் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். தண்ணீர் ஒரு புட்டி. கைவிளக்கு. கிளம்புகிறேன்.

பிற்பகல் 1:05. படி 640.

விளக்கு இல்லாத இடங்கள் நிறைய. காற்று கனக்கிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஓர் ஒலிபெருக்கி. நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை என் குரல் அதில் பேசுகிறது. "நான் கீழேதான் இருக்கிறேன். நலமாக இருக்கிறேன். யாரும் இறங்கி வர வேண்டாம்."

மேலே இருப்பவர்களுக்காகப் பேசுகிறது. கேட்கக் கேட்க நான் கீழேதான் இருக்கிறேனோ என்று எனக்கே ஒரு கணம்.

1:50. படி 1180

முட்டி மடங்கவில்லை. இதைக் கண்டெடுப்பவர் யாராயினும் முதலில் இதைப் படியுங்கள்: குணாளன் 31. நான் ஒப்பிட்ட மற்ற பதின்மூன்று பேரின் மதிப்பெண்ணும் பின்பக்கத்தில் இருக்கிறது. இன்று காலையிலிருந்து என் குரலில் எது வந்தாலும் அது நான் அல்ல. எழுத்தை மட்டும் நம்புங்கள்.

2:35. கதவு.

இரும்புக் கதவு பூட்டியிருக்கிறது. புட்டியால் தட்டினேன். கை ஓயும்வரை தட்டினேன்.

பதிலுக்கு ஒரு குரல். "அம்மா? நாந்தேன், சின்னமாயன். சாவிய அவுக கொண்டு போய்ட்டாக. கதவுக்கு அடியில சந்து இருக்கு பாருங்க. காகிதத்த எல்லாம் அது வழியா தள்ளி வுடுங்க. நான் சென்னைக்குக் கொண்டு போயிக் குடுத்துர்றேன்."

காகிதம் வைத்திருக்கிறேன் என்று அவரிடம் நான் சொன்னேனா? சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். கம்பி அறுவதற்கு முன் சொல்லியிருக்கலாம். இல்லை.

அவர் குரலும் இருபது நாளாக லிஃப்ட் ஒலிபெருக்கியில் பதிவாகிக்கொண்டுதான் இருந்தது. கதவுக்கு மேலேயும் ஓர் ஒலிபெருக்கி இருக்கிறது. குரல் அதிலிருந்து வருகிறதா, கதவுக்கு அந்தப்பக்கத்திலிருந்தா? காதை இரும்பில் வைத்துக் கேட்கிறேன்.

"தள்ளுங்கம்மா. நேரமாகுது."

சந்தில் வெளிச்சக் கீற்று. அதில் ஒரு நிழல் விழுகிறது. ஆள் இருக்கிறது. யார் என்றுதான் தெரியவில்லை.

முதலில் இந்த ஒரு தாளை மட்டும் தள்ளுகிறேன்; அதன் முனை சந்துக்குள் இருக்க, எழுதிக்கொண்டிருக்கிறேன். மற்றவை என் சட்டைக்குள். நீங்கள் சின்னமாயன் என்றால் ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். லிஃப்ட் பதிவேட்டில் நான் பார்த்த உங்கள் கையெழுத்தில் எதையாவது எழுதித் திருப்பித்