தலைமாட்டில் ஏழு புத்தகங்கள்

ஜனவரி 14, செவ்வாய்

நுழைவாயிலை ஒட்டிய அலமாரி முழுவதையும் மகிழ்ச்சிக்கு ஒதுக்கப் போகிறார்களாம். மேலே பலகை: "படித்தால் மனசு லேசாகும்." பொறுப்பு என் தலையில். புத்தகக் கடையில் பதினான்கு பேர் வேலை செய்கிறோம். என் மூஞ்சியைப் பார்த்து மேலாளர் கிரிசாவா சானுக்கு மகிழ்ச்சி என்று எப்படித் தோன்றியதோ.

"தெராஷிமா சான், உங்க வீட்டுக்காரருக்கு டாக்டரே இந்த மாதிரி புத்தகம் படிக்கச் சொல்லியிருக்காருல்ல. நீங்க எழுதினா அதுல ஒரு உண்மை இருக்கும்," என்றார்.

என்ன உண்மை? ஷூஹெய் இருபத்தாறு வருடம் ரயில் ஓட்டியவர். அக்டோபர் மருத்துவச் சோதனையில் இதயத் துடிப்பு சீராக இல்லை, இனி ஓட்டக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நாகவோகா நிலையத்திலேயே தொலைந்த பொருள் பிரிவில் உட்காரச் சொன்னார்கள். பதில் சொல்லாமல் வீட்டுக்கு வந்து கொதாட்சுவுக்குள் காலை நீட்டினார். மேசைக்கு அடியில் சூடு, மேலே மெத்தை விரிப்பு. மனிதர் இன்னும் எழுந்திருக்கவில்லை.

அவர் தலைமாட்டில் மகிழ்ச்சிப் புத்தகம் ஏழு வாங்கி அடுக்கியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் கடையின் கொக்குப் படம் போட்ட காகித உறை. பழக்கதோஷம். ரயிலில் பக்கத்தில் இருப்பவர் நாம் என்ன படிக்கிறோம் என்று பார்க்கக் கூடாது என்பதற்குத்தான் உறை. கொதாட்சுவில் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? டைரியாக நான் எழுதும் இந்த வெற்றுத்தாள் புத்தகத்துக்கும் அதே உறைதான் போட்டிருக்கிறேன். அதே பாக்கெட் அளவு. பையில் எட்டிப் பார்த்தால் இதுவும் ஒரு கதைப் புத்தகம்.

ஜனவரி 17, வெள்ளி

புத்தகத்துக்குப் பக்கத்தில் நிற்க வைக்கும், கையால் எழுதிய சிபாரிசு அட்டைக்கு மேலாளர் விதி வைத்திருக்கிறார். நான்கைந்து வரிதான். கதையைச் சொல்லக் கூடாது. எங்கே சிரித்தீர்கள் என்று சொல்ல வேண்டும். கீழே பெயருக்குப் பதில் என்ன வேலை, என்ன வயது.

எங்கே சிரித்தேன்? எங்கேயும் இல்லை. அந்த அலமாரிக்கான பன்னிரண்டு புத்தகத்தையும் படித்தாயிற்று. எல்லாவற்றின் முகப்புப் படத்திலும் ஒரு பூனை, ஒரு வெளிச்சமான ஜன்னல், ஒரு கடை. வேலையை விட்டவள் அந்தக் கடைக்குள் நுழைகிறாள். சூடாக ஏதோ குடிக்கிறாள். சரியாகிவிடுகிறாள். நான் முப்பது வருடமாகத் தினம் சூடாகக் குடிக்கிறேன்.

கூட வேலை செய்யும் ஹொன்மாவுக்கு இருபத்து நான்கு வயது. பன்னிரண்டுக்கும் அழுதாள். "ரொட்டிக்கடைப் பூனை கதையில கடைசிப் பக்கம், தெராஷிமா சான், என்னால முடியல." மூக்கைச் சிந்திக்கொண்டே அட்டை எழுதுகிறாள். எனக்குப் பொறாமையாக இருந்தது, அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 23, வியாழன்

ஏழு புத்தகத்திலும் பக்க அடையாள நாடா அச்சகத்தில் சுருட்டி வைத்தபடியே இருக்கிறது.

"ஏதாவது படிச்சீங்களா?"

"ம்."

"எது?"

"அது."

"அதுன்னா?"

"அங்க இருக்குல்ல."

கல்லோடு பேசுகிற மாதிரி. நான்கு மாதமாக நான் சமைத்ததைத் தவிர நான் எதுவும் சாப்பிடவில்லை. யாராவது ஒருவர், ஒரே ஒருநாள், உப்புச் சால்மன் வைத்த ஒரு சோற்றுருண்டை பிடித்துக் கொடுத்தால் அவர் காலில் விழுவேன். வாசல் பனியையும் நான்தான் அள்ளுகிறேன். முதுகு போய்விட்டது. பக்கத்து வீட்டு மனிதர் தன் வாசல் பனியைத் தானே வெட்டிக் குவித்துவிட்டுச் சிரிக்கிறார், எங்கள் வாசலில் நான்.

ஜனவரி 26, ஞாயிறு

இன்றைக்குக் கடைக்குக் கிளம்பும்போது எரிவாயுவை அணைத்தேனா என்று சந்தேகம் வந்து பாதி வழியில் திரும்பி ஓடினேன். அணைத்துத்தான் இருந்தது.

முன்பெல்லாம் இந்தச் சந்தேகமே வராது. ஓட்டுநர்கள் சிக்னலைக் கை நீட்டிக் காட்டிச் சத்தமாகச் சொல்வார்கள். இவர் வீட்டிலும் அப்படித்தான். வாசலில் நின்று விரலை நீட்டி, "அடுப்பு, அணைச்சாச்சு. ஜன்னல், சாத்தியாச்சு." கல்யாணமான புதிதில் மானம் போகிறதே என்று இருந்தது. அக்டோபருக்குப் பிறகு அந்த விரல் எதையும் காட்டவில்லை.

ஜனவரி 29, புதன்

செண்டாய் கிளைக்கு அனுபவமுள்ள ஆள் வேண்டுமாம். மாற்றல் படிவம் பிப்ரவரி 20க்குள் கொடுக்க வேண்டும். தங்கை அங்கேதான் இருக்கிறாள்.

பெயர், வயது, காரணம் எல்லாம் எழுதி முடித்துவிட்டேன். காரணத்தில் "குடும்பச் சூழல்" என்று போட்டேன். எந்தக் குடும்பம்? அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் "ம்" என்பார். அந்த "ம்"-ஐக் கேட்டுவிட்டுத் தாங்க என்னால் முடியாது. விட்டுவிட்டுப் போகிறவளா நான்? தெரியல. இங்கே இருந்தா மட்டும் என்ன செஞ்சுட்டேன்?

பிப்ரவரி 2, ஞாயிறு

பேய் விரட்டும் நாள். வீட்டுக்கு வீடு ஒருவர் பேய் முகமூடி போட்டுக்கொள்வார், மற்றவர்கள் கடலை எறிந்து துரத்துவார்கள். இருபது வருடமாக எங்கள் வீட்டில் பேய் அவர்தான். இந்த வருடம் முகமூடியை எடுத்து நீட்டினேன். "வேணாம்," என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எனக்கு வந்ததே கோபம். முகமூடி எதற்கு, பேய்தான் அக்டோபரிலிருந்து கொதாட்சுவுக்குள் படுத்திருக்கிறதே என்று ஓடு உரிக்காத வேர்க்கடலையை ஒரு பிடி அள்ளி அவர் மேலேயே எறிந்தேன். பேயே வெளியே போ, பேயே வெளியே போ என்று கத்தினேன். பேய் ஒரு கையை மட்டும் நீட்டி, நெற்றியில் விழுந்த கடலையை உரித்துத் தின்றது. தின்றுவிட்டு மறுபடி கையை உள்ளே இழுத்துக்கொண்டது. ஐம்பத்து மூன்று வயது ஆமை. விரட்டவும் முடியாது, விருந்து வைக்கவும் முடியாது.

பெருக்கும்போது அழுதேன். பெருக்கியது யார்? நான்தான்.

பிப்ரவரி 4, செவ்வாய்

நேற்று எழுதவில்லை. நேற்று மதியம் உணவு இடைவேளையில் பையைத் திறந்தால் ரொட்டிக்கடைப் பூனை கதை. அவசரத்தில் மாற்றி எடுத்து வந்திருக்கிறேன். இந்த டைரி வீட்டில், அவர் தலைமாட்டில். பேருந்துக்கு நிற்காமல், பனி கரைய சாலை நடுவில் பதித்த குழாய்கள் பீச்சுகிற தண்ணீரிலேயே ஓடி வந்தேன். காலணிக்குள் குளம்.

வந்து பார்த்தால் அடுக்கில் மேலிருந்து மூன்றாவதாகச் சாதுவாக இருந்தது. அசையவே இல்லை. அவர் எந்தப் புத்தகத்தைத் தொட்டார், இதைத் தொடுவதற்கு? நிம்மதியாக இருந்தது. அப்புறம் அந்த நிம்மதியை நினைத்தே எரிச்சலாக இருந்தது.

பிப்ரவரி 8, சனி

காலையில் கதவைத் திறந்தால் வாசலில் பனி இல்லை. மண்வெட்டி ஈரமாகச் சுவரில் சாய்ந்திருக்கிறது. அவர் வழக்கம்போல் கொதாட்சுவில்.

"நீங்களா அள்ளினீங்க?"

"ம். கனமில்லாத பனிதான். டாக்டரும் நடமாடச் சொன்னார்."

நான்கு மாதமா இருந்த டாக்டர் திடீர்னு இன்னிக்குத்தான் ஞாபகம் வந்தாரா?

பிப்ரவரி 11, செவ்வாய்

சமையல் மேடையில் தட்டு கவிழ்த்து மூடியிருந்தது. உள்ளே சோற்றுருண்டை இரண்டு. உப்புச் சால்மன். ஒன்று வட்டமும் இல்லை முக்கோணமும் இல்லை. நின்றுகொண்டே இரண்டையும் தின்றேன்.

பூனை கதைதான் வேலை செய்திருக்க வேண்டும். அடுக்கில் அதுதான் மேலே கிடக்கிறது. அதில் வருகிறவளும் கடைசியில் ரொட்டி பிசைகிறாள். ஹொன்மா அழுதது சரிதானோ? நான்தான் கல் நெஞ்சுக்காரியோ?

பிப்ரவரி 12, புதன்

முதல் முறையாகத் திணறாமல் பூனை கதைக்கு அட்டை எழுதினேன். "நான் சிரிக்கவில்லை. ஆனால் நான்கு மாதமாகப் படுத்திருந்த என் கணவர் இதைப் படித்த வாரம் எழுந்து பனி அள்ளினார். சோற்றுருண்டை பிடித்தார். — கடை ஊழியர், 51." மேலாளர் இரண்டு முறை படித்தார். "பாத்தீங்களா, உண்மை," என்றார்.

பிப்ரவரி 15, சனி

பூனை கதை, வைத்த நாற்பது பிரதியும் தீர்ந்துவிட்டது. அறுபது வரவழைக்கிறார்கள். அட்டையை நகலெடுத்து மற்ற கிளைகளுக்கும் அனுப்புகிறார்களாம்.

சாயங்காலம் ஒரு பெண், என் வயதிருக்கும், அட்டை முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். உறை போட்டுக் கொடுக்கும்போது மெல்லக் கேட்டாள்: "நிஜமாவே எழுந்திரிச்சாரா? எங்க வீட்லயும் ஒருத்தர் படுத்திருக்காரு."

"நிஜந்தான்," என்றேன். அவள் புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

பொய். எல்லாம் பொய்.

அந்தக் கடைசிப் பக்கத்தைப் பற்றி அவரிடம் பேசலாம் என்று இன்றைக்குப் பூனை கதையைக் கையில் எடுத்தேன். நாடா அச்சகச் சுருளில். பதினாறாம் பக்கமும் பதினேழாம் பக்கமும் பிரியாமல் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. மற்ற ஆறையும் உதறிப் பார்த்தேன். ஒன்றைக்கூடத் திறக்கவில்லை.

அப்புறம் நான் யாரை ஏமாத்தியிருக்கேன்? இரண்டு கையாலும் வாங்கினாளே, அந்தப் பெண் இப்போது தன் வீட்டுக்காரர் தலைமாட்டில் அதை வைத்துவிட்டுக் காத்திருப்பாள். நாடா நகர்ந்ததா என்று தினம் பார்ப்பாள். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என்மேல் எனக்கே ஆத்திரமாக வருகிறது. அவர்மேலும்தான். எழுந்திருப்பதென்றால் காரணம் சொல்லிவிட்டு எழுந்திருக்கக் கூடாதா இந்த மனுஷன்?

நாளை அட்டையை எடுத்துவிடுகிறேன். நாளன்றைக்குப் படிவத்தைக் கொடுத்துவிடுகிறேன். போதும்.

பிப்ரவரி 19, புதன்

எழுத உட்கார்ந்து இதைத் திறந்தால் பிப்ரவரி 2 பக்கத்தில் ஓர் அட்டை. என் பையிலிருந்து எடுத்த கடை அட்டை. அவர் ரயில் நேரம் குறிக்கிற அந்தக் கட்டம் கட்டமான கையெழுத்து.

"ஆசிரியர் முதல் பக்கத்திலிருந்தே கோபமாக இருக்கிறார். பிப்ரவரி 2இல் வாய்விட்டுச் சிரித்தேன். கணவனாக வருகிறவன் பேசவே மாட்டேன் என்கிறான், அது ஒன்றுதான் குறை. கதை செண்டாயில் முடிந்தால் அங்கேயும் வந்து படிப்பேன். — முன்னாள் ரயில் ஓட்டுநர், 53."

மானம் போனது. முதலில் அதுதான். இந்தப் புத்தகத்தைச் சுவரில் அடித்தேன். அப்புறம் எடுத்து, மடங்கிய மூலையை நீவிவிட்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்

கேட்டேவிட்டேன்.

"எத்தனை நாளா?"

"மூணாம் தேதியிலேருந்து. உறை போட்டிருந்துச்சு. பூனை கதைன்னுதான் எடுத்தேன்."

"தெரிஞ்சதும் மூடி வைக்க வேண்டியதுதானே."

"ஆமைன்னு போட்டிருந்த. பாதியில மூட முடியல."

"அதுக்கப்புறம்?"

"நீ குளிக்கப் போனா முக்கால் மணி நேரம்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். "ஜனவரி பதினேழு கையெழுத்து சுத்தமா புரியல. அதுல என்னைத் திட்டியிருக்கியா?"

"இல்ல. பூனையை."

"அப்ப சரி." கொதாட்சு விரிப்பைப் பார்த்துக்கொண்டே: "உனக்கு முதுகு போச்சுன்னு எனக்குத் தெரியாது, சிஸுரு. நீ சொல்லவே இல்ல."

சொல்லவில்லையாம். அவரைப் பார்க்காமல் நாடாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்தானே.

பிப்ரவரி 24, திங்கள்

கொடுக்காமல் விட்ட மாற்றல் படிவத்தின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. புது அட்டைக்கு அதில்தான் அடித்து அடித்து எழுதிப் பார்த்தேன்.

பூனை கதைக்குப் பக்கத்தில் உள்ளே ஒன்றும் அச்சிடாத புத்தகம் பத்து அடுக்கி, இதை நிறுத்தினேன்: "முந்தைய அட்டை தவறு. என் கணவர் பூனையைப் படிக்கவில்லை. இதுபோன்ற ஒன்றில் நான் எழுதியதைப் படித்தார். பெரும்பாலும் வசவு. — கடை ஊழியர், 51."

"இதுல என்ன மகிழ்ச்சி இருக்கு?" என்றார் மேலாளர். எடுக்கச் சொல்லவில்லை. ஹொன்மா இதற்கும் அழுதாள்.

அந்தப் பெண் இன்னும் வரவில்லை. வந்தால் கொடுக்க அதில் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன், உறை போட்டு.

மார்ச் 3, திங்கள்

தொலைந்த பொருள் பிரிவில் இன்று அவருக்கு முதல் நாள். சீருடை இடுப்பில் இறுக்குகிறது. போன வாரம் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து குறை சொல்லிக்கொண்டே இருக்கிறார். உறை போட்ட புத்தகங்கள்தான் அங்கே நிறைய வருகிறதாம், உரிமையாளர் வந்து தலைப்பைச் சொன்னால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டுமாம், எல்லாம் எங்கள் மாதிரிக் கடைக்காரர்களால் வந்த வினையாம். இவ்வளவு பேசுகிறவர் நான்கு மாதம் எப்படிச் சும்மா இருந்தார்?

இதோ வாசலில் நிற்கிறார். சமையலறைப் பக்கம் விரலை நீட்டி, "அடுப்பு, அணைச்சாச்சு." ஜன்னல் பக்கம், "சாத்தியாச்சு." விரல் என் பக்கம் திரும்பி, "டைரி?"

"பையில," என்று சொல்லிவிட்டேன்.

இல்லை. அவருக்குத்தான் முதலில் வேலை முடியும், நாலரைக்கே வந்துவிடுவார். இதை அந்த ஏழோடு சேர்த்து, மேலிருந்து மூன்றாவதாக வைத்துவிட்டுக் கிளம்புகிறேன்.