இடது பக்கம் என்ன, வலது பக்கம் என்ன?

நேற்று மலாக்கா டவுனில் ஒரு பார்க்கிங் மிஷினோடு சண்டை போட்டேன். என் கார்டை விழுங்கிவிட்டு, சிவப்பு எழுத்தில் ‘ராலாட்’ என்று ஒரே ஒரு சொல்லைக் காட்டியது. தப்பாம். என்ன தப்பு, யார் செய்த தப்பு, கார்டு திரும்பி வருமா வராதா, அதெல்லாம் கிடையாது. பின்னால் நின்ற கார்கள் ஹாரன் அடிக்க, நான் கண்ணாடியை இறக்கி, “எங்க தப்புன்னு சொல்லித் தொலையேன்!” என்று அதைப் பார்த்துக் கத்தினேன். கத்தி முடித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. இதே வார்த்தையை இதே குரலில் உன்னைப் பார்த்து எத்தனை முறை கத்தியிருக்கிறேன்!

தொண்ணூறுகளில் நாம் வேலை பார்த்த அந்த மாடி அறை இப்போது நகம் அலங்கரிக்கும் கடையாகிவிட்டது. நீ நியாலாஸ் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து பஸ் மாறி வருவாய். நான் டவுன்காரி, அதனால் தினமும் தாமதமாக வருவேன். நம் பாஸ் சீனர், நல்ல மனிதர். கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அதை விற்பது எப்படி என்பதுதான். எஸ்டேட் ஆபீஸ்களுக்கு ரப்பர் பால் கணக்குப் போட்டுத் தருகிறோம் என்று நம்மைக் கேட்காமலே ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

அதற்காக நீ ஒரு கணினி மொழியையே சொந்தமாக எழுதினாய். எண்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கணக்குப் போடாமல், ஒரு வரிசை முழுவதையும் ஒரே பொருளாக நினைத்து, ஒரே வரியில் கூட்டவும் பெருக்கவும் விடும் மொழி. “தோட்டத்துல யாருடி ஒவ்வொரு மரமா பேசுறா? நிரை நிரையாத்தான பேசுவோம்” என்பாய். தட்டும் வரியை உடனே படித்து விடை சொல்லும் இன்டர்பிரட்டர் உன் கைவேலை. அதை வைத்துப் புரோகிராம் எழுதுவது என் தலையெழுத்து.

சரியாக எழுதினால் உன் இன்டர்பிரட்டர் மின்னலாக விடை சொல்லும். தவறினால் ‘எரர்’ என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. உனக்குக் கோபம் வந்தாலும் இதே கதைதான். முகம் சட்டிபோல் இருக்கும், என்னவென்று கேட்டால் “ஒன்னுமில்ல” என்பாய். அந்த ஒன்றுமில்லாததைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆகும். இரண்டு பேரிடமும் ஒரே அறையில் மாட்டிக்கொண்டேன்.

“எழுதுனவளுக்கு என்னா எழுதுனோம்னு தெரியாதா? நீயே தேடிப் பாரு லா” என்று நீ சொன்ன மறுநாள் காலை, நான் எரர் போராட்டம் தொடங்கினேன். “பாஸ் வந்தாரா?” என்று கேட்டாய். “எரர்” என்றேன். “என்னாடி ஆச்சு உனக்கு?” என்றாய். “எரர்.” பசி வந்ததும், “நாசி லெமாக் வாங்குனியே, என் பொட்டலம் எங்கடி?” என்று கெஞ்சினாய். அதற்கும் எரர்தான். மேசை டிராயர், அலமாரி, பாஸின் நாற்காலிக்கு அடியில் எல்லாம் தேடி, கடைசியில் பிரிண்டருக்குப் பின்னால் ஆறிப்போன பொட்டலத்தைக் கண்டுபிடித்தாய்.

“எங்க இருக்குன்னாவது சொல்லியிருக்கலாம்ல?” என்று சீறியவள், பாதியில் நிறுத்தினாய். பொட்டலத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாய். “சரி, சரி. பல்லைக் காட்டாத. உக்காரு” என்று கம்ப்யூட்டரைத் திறந்தாய்.

அதுவரை உன் இன்டர்பிரட்டர், நான் எழுதிய வரியைத் துண்டு துண்டாக்கி, வேலை ஆனதும் வரியைத் தூக்கி எறிந்துவிடும். பிறகு எங்கே தப்பு என்று அதற்கே தெரியாது. இனி ஒவ்வொரு துண்டும் வரியில் எந்த இடத்திலிருந்து வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளும்படி மாற்றினாய். தப்பான இடத்துக்கு நேர் கீழே ஒரு சின்னக் கூரம்பு நிற்கும். அதன் கீழே, இடது பக்கம் என்ன இருக்கிறது, வலது பக்கம் என்ன இருக்கிறது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். அதைப் பார்த்த அன்று உன் கன்னத்தைக் கிள்ளினேன், நினைவிருக்கிறதா?

ஆனால் நீ எள்ளு என்றால் எண்ணெயாக நிற்பவள். ஊமையாக இருந்த இன்டர்பிரட்டர் வாயாடியாகிவிட்டது. கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து கிடையாது, அதனால் இங்கிலீஷ் எழுத்திலேயே தமிழ் பேசியது. பூஜ்யத்தால் வகுத்தால், “ஆளே இல்லாத வீட்டுல யாருக்குமா பங்கு பிரிக்கிறது?” என்று கேட்டது. இல்லாத பெயர் எதையாவது தட்டினால், “இந்தப் பேர்ல இங்க யாரும் இல்ல. அடுத்த லயத்துல கேட்டுப் பாருங்க” என்றது, உங்கள் எஸ்டேட்டின் வரிசை வீட்டு வாசலில் நின்று பேசுவதுபோல. இரண்டு வரிசைகள் நீளத்தில் ஒத்துப்போகாவிட்டால், “கண்ணத் தொறந்து பாருங்க” என்று அதட்டியது. எஸ்டேட்டுக்குக் காட்டப் போகுமுன் இதையெல்லாம் எடுத்துவிடச் சொன்னேன். “எடுத்துர்றேன் லா” என்றாய்.

பெம்பான் பக்கம் ஒரு எஸ்டேட் ஆபீசுக்குப் போகிற நாள் வந்தது. இவர்கள் வேண்டாம் என்றால், உன் மொழியை மூட்டை கட்டிவிட்டுச் சிங்கப்பூரிலிருந்து ரெடிமேட் புரோகிராம் வாங்கி விற்கப்போவதாக பாஸ் சொல்லிவிட்டார். இரண்டு வருடம் நீ பெற்று வளர்த்த பிள்ளை அது. காலையில் நீ ஒரு வாய் தேநீர்கூடக் குடிக்கவில்லை. வேனில் பாதி வழி போனதும் என் காதில், “அத ஒன்னும் மாத்தலடி. கூரம்ப நேராக்கிக்கிட்டே இருந்துட்டேன்” என்றாய்.

அந்த ஆபீசின் கணக்கெல்லாம் பார்க்கும் பெரிய கிராணி, சட்டைப் பையில் இரண்டு பேனாவோடும் முகத்தில் சிரிப்பே இல்லாமலும் உட்கார்ந்திருந்தார். நாம் கொண்டுபோன மாதிரிக் கணக்கை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அதெல்லாம் வேணாம். நேத்து பால் கணக்கப் போடும்மா” என்றார். அதற்கு முந்தின நாள் மாசி மகம். அவரே பெயர்களைச் சொல்ல நான் தட்டினேன். பிறகு எடைகளைச் சொன்னார், அவற்றையும் தட்டினேன். இரண்டையும் ஜோடி சேர்க்கச் சொன்னதும் திரை நின்றது. “இடது பக்கம் பேரு, வலது பக்கம் எடை. பேரு ஒன்னு கூட இருக்கு. கண்ணத் தொறந்து பாருங்க.”

“அபா டியா சக்காப்?” என்று பாஸ் பதறினார். என்ன சொல்கிறது என்று அவருக்குத் தெரியவேண்டும். “காலை வணக்கம் சொல்லுது, பாஸ்” என்று நீ மலாயில் சமாளித்தாய். கிராணி கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, முதல் வகுப்புப் பிள்ளைபோல எழுத்துக் கூட்டி வாசித்தார். “க... கண்ண... தொறந்து...” நீ என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது.

கிராணி இரண்டு வரிசைகளையும் விரலால் தடவிக்கொண்டே இறங்கினார். ஓர் இடத்தில் விரல் நின்றது. “இந்தக் கெழவனுக்கு இவ்வளவு பாலா? அவரு மரத்துக்குக் கிட்ட போறதுக்குள்ள வெயிலு வந்துருமே!” அங்கிருந்து மேலே ஏறிப் போனார். எல்லா எடையும் பக்கத்து ஆளின் பெயருக்கு நேராக நின்றது. மேலே, அடுத்தடுத்த பெயர்களாக, ஒரு நாத்தனாரும் அண்ணியும் இருந்தார்கள். அண்ணி பால்குடம் எடுக்கப் போய்விட்டாள். கோயில் நாளில் ஒருத்திக்காக இன்னொருத்தி பால்மரம் வெட்டுவது தோட்டத்தில் வழக்கம்தானே. நாத்தனார் இரண்டு நிரையையும் வெட்டி, பாலை ஒன்றாக நிறுத்துவிட்டாள். பெயர் இரண்டு, எடை ஒன்று.

“சேத்து ஊத்துன்னு நாந்தான் சொன்னேன்” என்றவர் சிரிக்க ஆரம்பித்தார். பேனா இரண்டும் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். “இதுக்கு முன்ன வந்த மிஷினெல்லாம் தப்பு தப்புன்னுதான் கத்துச்சு. இதுதான் எங்கன்னு சொல்லுது. வச்சிட்டுப் போங்க.” பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்தக் கண்ணத் தொறந்துங்கிறத மட்டும் எடுத்துரும்மா. நான் இங்க பெரிய ஆளு” என்றார். திரும்பும் வழியில் பாஸ் வாங்கித் தந்த சோற்றை நீ இரண்டு தட்டு சாப்பிட்டாய், அழுதுகொண்டே.

பல வருடம் கழித்து ஒரு மதியம் போனில் உன் குரல் சரியில்லை. என்னவென்று கேட்டேன். “ஒன்னுமில்ல” என்றாய். அந்த ஒன்னுமில்லயை எனக்குத் தெரியாதா? “எரர்னு மட்டும் சொன்னா விடமாட்டேன். இடது பக்கம் என்னா, வலது பக்கம் என்னா, சொல்லு” என்றேன். சிரித்தாய். “வலது பக்கம் ஒன்னுமில்லடி. இடது மாருலதான் ஒரு கட்டி.” நான் அழ ஆரம்பித்ததும், “பாத்தியா, இந்தத் தடவ எங்கன்னு சரியா சொல்லிட்டேன்ல?” என்று என்னைத் தேற்றினாய். உன் மேல் எனக்கு வந்த கோபமும் பாசமும் இன்னும் தீரவில்லை.

இன்று என்னோடு வேலை செய்யும் பிள்ளைகள் யாரும் வெறும் ‘எரர்’ என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. என்ன, எங்கே, எதற்கும் எதற்கும் ஒத்துப்போகவில்லை என்று எழுதும்வரை விடமாட்டேன். என் முதுகுக்குப் பின்னால் எனக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்களோ தெரியாது.

உன் கருமாதி முடிந்து வீட்டுக்கு வந்த அன்று, பழைய கம்ப்யூட்டரில் உன் இன்டர்பிரட்டரைத் திறந்தேன். வேலை ஒன்றும் இல்லை. உன்னிடம் கொஞ்சம் திட்டு வாங்கவேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான். பூஜ்யத்தால் வகுத்தேன், திட்டினாய். நீளம் ஒத்துப்போகாத வரிசைகளைக் கொடுத்தேன், கிராணிக்காகத் திருத்திய பணிவோடு, “கொஞ்சம் பாருங்கய்யா” என்றாய். அப்புறம், ஏன் செய்தேன் என்று தெரியவில்லை, உன் பெயரைத் தட்டினேன்.

கூரம்பு உன் பெயருக்கு நேர் கீழே, துளியும் விலகாமல் வந்து நின்றது.

“இந்தப் பேர்ல இங்க யாரும் இல்ல. அடுத்த லயத்துல கேட்டுப் பாருங்க.”