ஆறாம் இடத்தில் நின்றவன்

1943 ஏப்ரல் 12

சுவர்க் காலண்டரில் ஜப்பான் கணக்குப்படி வருஷம் 2603 என்று போட்டிருக்கிறதாம். பூவம்மா படித்துச் சொன்னாள். கடிகாரமும் ஜப்பான்காரன் ஊர் நேரம்தான். இருட்டு விலகுமுன்பே ஏழு அடித்துவிடுகிறது.

எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல மகள் பூவம்மா எழுதுகிறாள். சிராங்கூன் ரோட்டில் அரிசிக்கடை நடந்த நாளில் அன்றன்றைய சேதியை இப்படித்தான் எழுதச் சொல்வேன். கடை போய்விட்டது. பழக்கம் போகவில்லை. சொன்னதை மாற்றக்கூடாது, விடக்கூடாது. அது எங்களுக்குள் பேச்சு.

இன்று தஞ்சோங் பகார் கிடங்கில் வேலை கிடைத்தது. எனக்கு அளக்கிற வேலை, மாப்பிள்ளை மருதப்பனுக்கு மூட்டை தூக்குகிற வேலை. கூலியோடு கொஞ்சம் அரிசியும் தருவார்கள். மரவள்ளிக்கிழங்கையே தின்று நாக்கு செத்துவிட்டது.

ஏப்ரல் 13

காலையில் பத்துப் பேரை வரிசையில் நிறுத்தினான் சிப்பாய். "பாங்கோ!" என்று கத்தினான். முதல் ஆள் தொடங்கி ஒவ்வொருவனும் ஜப்பான் மொழியில் எண் சொல்லவேண்டும். இச்சி, நி, சான், சி, கோ... மாப்பிள்ளை முறை வந்தது. வாயே திறக்கவில்லை. ஒரு அறை. மறுபடி முதலிலிருந்து. மறுபடி அறை.

ஏப்ரல் 14

நான் எண்ணிப் பிழைத்தவன். படியைக் கையில் எடுத்தால் வாய் தானாக ஓடும் — லாபம், ரெண்டு, மூணு. முதல் படியை ஒன்று என்று சொல்லமாட்டோம், லாபம் என்போம். பக்கத்தில் சண்டை நடந்தாலும் எண்ணிக்கை தவறாது. ஆனால் பாதியில் நிறுத்தி, இருபத்தெட்டுக்கு முன்னால் என்ன என்று கேட்டால் கொஞ்சம் திணறுவேன். பாட்டை நடுவிலிருந்து பாடச் சொன்ன மாதிரி.

அந்தப் பாட்டிலேயே ஜப்பான் சொல்லையும் ஏற்றிக்கொண்டேன். ஒரே சாயங்காலம். மாப்பிள்ளையை எதிரில் உட்காரவைத்தேன்.

"நாலுக்கு அப்புறம் என்ன?"

முழிக்கிறான். கழுத்தெல்லாம் வேர்வை. மரமண்டை என்று சொல்லிவிட்டேன்.

பூவம்மாவுக்குக் கோபம். "நீங்க எதிர்ல உக்காந்தா அவருக்கு வாய் கட்டிப்போவுதுப்பா. நீங்க குளிக்கப் போனப்போ என்கிட்ட பத்து வரைக்கும் கடகடன்னு சொன்னாரு."

"அப்போ என் முன்னால சொல்லச் சொல்லு."

சொல்லவில்லை. நான் நம்பவும் இல்லை.

ஏப்ரல் 15

ஒரு யுக்தி தோன்றியது. பத்துப் பேரும் தினமும் அவரவர் இடத்தில்தான் நிற்பது. ஆளுக்கு ஒரே சொல். முழுசையும் எதற்குக் கட்டி அழவேண்டும்? இச்சி எனக்கு. மூன்றாவது நிற்கும் அப்துல் அஜீஸுக்கு சான். ஆறாவது மாப்பிள்ளை — ரொக்கு. அவனுக்கு அடுத்து வடிவேலு — சிச்சி.

"ஏன் பெரியவரே, விடிஞ்சதும் விடியாததுமா என்னை மட்டும் சிச்சீன்னு மூஞ்சியைச் சுளிக்க வெச்சிட்டீங்களே!" என்றான் வடிவேலு. எல்லாரும் சிரித்தோம்.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. "மாமா, யாராச்சும் ஒருத்தர் வரலைன்னா?"

"வரலைன்னா அன்னைக்கு அரிசி கெடையாது. எவன் வராம இருப்பான்? நீ ரொக்குன்னு மட்டும் சொல்லு. மத்ததை நெனைக்காதே."

சரி மாமா என்றான்.

ஏப்ரல் 16

பத்தும் பட்டாசு மாதிரி வெடித்தது. அறை இல்லை. சிப்பாய்கூடப் பல்லைக் காட்டினான்.

மே 3

மற்ற வரிசைக்காரர்களும் என் வழியை எடுத்துக்கொண்டார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

சாப்பிடும்போது மாப்பிள்ளை தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "முன்னால நிக்கிறவர் என்ன சொல்றாருன்னு கேட்டுட்டு அதுக்கு அடுத்ததைச் சொல்றதுதானே மாமா முறை?"

"அதெல்லாம் உனக்கு ஆகாத வேலை. வந்ததையும் குழப்பிக்காதே" என்றேன். அப்புறம் பூவம்மாவிடம் சொல்லிப் பார்ப்பதையும் விட்டுவிட்டான் போலிருக்கிறது. சத்தமில்லை.

மே 21

இன்று வேண்டாம், பூவம்மா. மூடி வை.

மே 22

எழுது. நிறுத்தி நிறுத்தி எழுது.

நேற்று அப்துல் அஜீஸ் வரவில்லை. குளிர்காய்ச்சல். ஒன்பது பேர்தான் நின்றோம். பாங்கோ என்றான். நான் இச்சி. அடுத்தவன் நி. அஜீஸ் இடத்தில் நின்றவன் சுதாரித்துக்கொண்டு சான் என்றான். அவனுக்கு அடுத்தவன் சி. ஐந்தாவதாக மாப்பிள்ளை.

கோ என்று சொல்லியிருக்கவேண்டும். ரொக்கு என்றான். வேறென்ன சொல்வான்? நான் கொடுத்தது அது ஒன்றுதானே. அவன் ரொக்கு என்றதும் வடிவேலு சிச்சி என்றான், வரிசை பத்து வரைக்கும் போய்விட்டது. சிப்பாய் தலைகளை எண்ணினான். ஒன்பது. வாயில் பத்து, ஆள் ஒன்பது. ஓடிப்போனவனை மறைக்கிறோம் என்று நினைத்துவிட்டான்.

மாப்பிள்ளையையும் வடிவேலுவையும் வெளியே இழுத்தான். துப்பாக்கிக் கட்டையால் — போதும், அது வேண்டாம். அடி விழும்போதும் அவன் கோ, கோ என்று சொல்லிக்கொண்டேயிருந்தான். சரியாகத்தான் சொன்னான். யார் கேட்டார்கள்?

மத்தியானம் இரண்டு பேரையும் சயாம் ரயில்பாதை வேலைக்கு லாரியில் ஏற்றிவிட்டார்கள். லாரிமேல் நின்று என்னைத் தேடினான். நான் படியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

பூவம்மா எழுதுவதை நிறுத்தினாள். "மத்ததை நெனைக்காதேன்னு சொன்னதை எழுதட்டுமா?"

அன்றைக்கே எழுதியிருக்கிறாயே என்றேன்.

"இன்னொரு தடவை எழுதறேன்" என்றாள்.

ஜூன் 6

அஜீஸ் வந்தான். காய்ச்சலில் படுத்ததற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்கிறான்! போய்யா, போய் எதையாவது சாப்பிடு என்றேன்.

ஜூன் 19

இத்தனை நாள் எனக்கு ஏன் தெரியவில்லை? நான் முதலில் நிற்கிறவன். எவன் வந்தாலும் வராவிட்டாலும் முதலில் நிற்கிறவனுக்கு எண் மாறாது. ஓட்டை எனக்குப் பின்னால் இருந்தது. அது கண்ணில் பட்டவன் ஆறாவது நின்றவன். அவன் கேட்டான். அவனைத்தான் நான் மரமண்டை என்றிருந்தேன்.

எண்ணிக்கை என்றால் வாயில் ஓடுகிற பாட்டு என்று நினைத்திருந்தேன். ஒருவன் நகர்ந்தால் எல்லாம் நகரும் என்று அவன் நினைத்தான். எது கணக்கு?

ஜூன் 20

கிடங்கில் எல்லாருக்கும் பத்தையும் சொல்லிக்கொடுக்கிறார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

1944 ஜனவரி 14

பொங்கல். பொங்கவில்லை.

1944 ஆகஸ்ட் 2

சயாமிலிருந்து திரும்பிய ஒருவன் ஜாலான் புசாரில் இருக்கிறான் என்றார்கள். போனேன். அவன் வேறு முகாம். மருதப்பன் என்று யாரையும் தெரியாது என்றான். பூவம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

1945 செப்டம்பர் 12

ஜப்பான்காரன் போய்விட்டான். தெருவெல்லாம் கூச்சல். பூவம்மா வாசலைக் கழுவிக் கோலம் போட்டாள். இன்றும் ரயிலடிக்குப் போய்ப் பார்க்கட்டுமாப்பா என்றாள். தினமும் போகிறாள்.

1945 நவம்பர் 18

வாசலில் ஒருவன் நின்றான். எலும்பும் தோலும். எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"சிச்சி வந்திருக்கேன், பெரியவரே."

வடிவேலு. உட்காரவைத்தோம். பூவம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவனே சொன்னான். மருதப்பனுக்குக் காலரா. போன வருஷம் மழையிலே என்றான், பிறகு இல்லை, அதற்கும் முந்தின வருஷம் என்றான். அங்கே ஒன்றும் நினைவில் நிற்காதாம்.

"அங்க எண் நிலைக்காது பெரியவரே. ராவோட ராவா ஆள் போயிடும். காலையில எல்லாருக்கும் எண் மாறிப்போவும். தப்பினா மூங்கிலால அடி. மருதப்பன் ஒருநாள்கூடத் தப்பலை. எங்களுக்கும் அவன்தான் சொல்லிக் குடுத்தான்."

எப்படி என்று கேட்டேன்.

"விரலை மடக்கி மடக்கி, லாபம் இச்சி, ரெண்டு நி, மூணு சான்னு. நீங்க அளக்கிற அதே ராகம். உன் எண்ணுன்னு ஒண்ணு கெடையாதுடா, முன்னால நிக்கிறவன் வாயைப் பாரு, அதுக்கு அடுத்ததைச் சொல்லுன்னுவான். ஒருத்தனையும் திட்டமாட்டான். தெரியாதவனுக்கு முதுகைக் காட்டி உக்காந்துக்குவான், அவனுக்கு வெக்கமில்லாம வாய் வரட்டும்னு."

பிறகு நான் கேட்டேன்.

"கடைசியா அவன் என்ன எண் சொன்னான்?"

"இருபத்திமூணு" என்றான். "மறுநாள் காலையில அதை நான் சொன்னேன்."

பூவம்மா உள்ளே போனாள். வந்தவனுக்குச் சோறு வைக்கவேண்டும். அரிசிப் பானையைத் திறக்கிற சத்தம் கேட்டது. இந்த வீட்டில் முதல் ஆழாக்கை அவளும் லாபம் என்றுதான் சொல்வாள். சின்ன வயசிலிருந்தே.

"ஒண்ணு" என்றாள்.