அக்காவுக்கு நான் தேர்ந்த மருந்து

மார்ச் 4
ஆபரேஷன் தியேட்டரில் காலையிலிருந்து நின்றபடியே வேலை. தூங்க வைத்த எல்லோரையும் எழுப்பியாயிற்று. என் உத்தியோகம் அவ்வளவுதான். சாயங்காலம் அக்கா வந்தாள். அவளுக்கு வயிற்றுக்குள் பெரிய ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கியிருக்கிறது. வெட்டிவிட்டுச் செயற்கைக் குழாய் தைக்க வேண்டும். "முன்னபின்ன தெரியாதவங்க கையில மயங்கிக் கிடக்க மாட்டேன். நீதான் தூங்க வைக்கணும்." மறுக்க வாய் வரவில்லை.

மார்ச் 9
மயக்கத்துக்கு ஊசியில் ஏற்றும் மருந்தா, மூச்சில் போகும் வாயுவா? தைத்து முடியும்வரை குழாயில் கவ்வி போட்டு நிறுத்திய ரத்தத்தைத் திரும்ப விடும்போதுதான் ஆபத்து. குழாய்களின் உட்புறம் மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. அது உரிந்தால் நீர் கசியும், ரத்தம் உறையும். வாயு அந்தப் பூச்சைக் காக்கும் என்கிறார்கள் சிலர். வித்தியாசமே இல்லை என்கிறார்கள் வேறு சிலர். சர்ஜனுக்கு ஊசி மருந்துதான் பழக்கம். "உங்க அக்கா, உங்க இஷ்டம்" என்றுவிட்டார்.
வாயுதான்.

மார்ச் 12
அக்காவுக்கு ஆபரேஷன். தையல் ஓரிடத்தில் நிற்கவில்லை. சர்ஜன் பிரித்து மறுபடி தைத்தார். கவ்வி அதுவரை அப்படியே இருந்தது; கால்களுக்கு ரத்தம் போகவில்லை. எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன். நர்ஸிடம் அடுத்த நூலைக் கேட்டார்.

மார்ச் 13
அக்காவின் இடது பாதம் ஜில்லென்று இருக்கிறது.

மார்ச் 14
நுரையீரலில் நீர். காலில் உறைந்ததை எடுத்தாலும் மறுபடி உறைகிறது. வராந்தாவில் அத்தான் சர்ஜனை மறித்துக் கேட்டார். கவ்வியைப் பற்றியோ தையலைப் பற்றியோ சர்ஜன் மூச்சு விடவில்லை. "நான் வேற மருந்துதான் சொன்னேன். இது இவங்க முடிவு." பக்கத்திலேயே நிற்கிறேன் நான். பொய்யும் இல்லையே அது! அத்தான் என்னைப் பார்த்த பார்வை — நான் என்னத்தச் சொல்ல? எதைச் சொன்னாலும் சாக்குன்னுதானே படும்?

மார்ச் 16
அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு மூச்சுக் கவசத்தை விலக்கிக்கொண்டு, "சின்னதுலேருந்தே உனக்கு என்னைக் கண்டா ஆகாது" என்றாள். "சோதிச்சுப் பாக்க நான்தான் கிடைச்சேனா?"
கையைத் தொடப் போனேன். போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

மார்ச் 17
ஊசி மருந்தே கொடுத்திருந்தால்? கால் தப்பியிருக்குமா? யாருக்கும் தெரியாது. எனக்கும்தான்.

மார்ச் 19
முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இந்த முறை தூங்க வைத்தது, அத்தான் வெளியிலிருந்து அழைத்து வந்த டாக்டர். என்ன கொடுத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.
ஆபரேஷன் முடிந்து அவளைக் கிடத்திய கட்டிலின் திரைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். கண் விழித்ததும் காலைப் பற்றித்தான் கேட்பாள் என்று நினைத்தேன்.
"அவ உள்ள வரலையே?"
"வரலை" என்றார் அத்தான்.
நிம்மதியாகத் தூங்கிப்போனாள்.