அக்காவின் ஜன்னல்களில் நான்

செவ்வாய்க்கிழமை, இரவு

ஆர்க்கிடெக்ட் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அக்கா எல்லா வீட்டையும் த்ரீடியில்தான் வரைவாள். ஜன்னல் உயரம் சரியா என்று பார்க்க, என்னைச் சுவரோரம் நிறுத்திக் கோடு போட்டு அளந்து, அதே உயரத்தில் ஒரு பொம்மையைப் படத்துக்குள் நிற்க வைப்பாள்.

இப்போது அவள் சத்துவாச்சாரியில் இருக்கும் ஆபீஸில் சீனியர். இன்று சாயங்காலம் ஆம்பூர் வீடு ஒன்றை கம்ப்யூட்டரில் கேட் (CAD) மென்பொருளில் வெறும் கோடுகளாக வரைந்துகொண்டிருந்தாள்.

"த்ரீடி போடலையாக்கா? நான் வந்து நிக்கட்டா?"

"அதெல்லாம் புதுசா வர்றவங்களுக்குடி. எனக்குக் கோட்டப் பாத்தாலே வீடு தெரியுது. போய்ப் படி."

அவள் தூங்கிய பிறகு, தலையில் நோட்டை வைத்து நானே சுவரில் கோடு போட்டேன். பழைய கோட்டுக்கு மூன்று விரல் மேலே இருக்கிறது. அக்காவுக்குத் தெரியாது.