யார் முதலில் திறந்தது

கூடுதுறைத் தொடர்பு நிலையம், ஃபோபோஸ் நிலா
புழுதிப் பருவம், நாள் 12. காலை 8:10

பதிவு எழுதுபவர் ப்ரிஸ்கா மச்சாது, தொடர்புப் பொறியாளர். நிலையத்தில் இருப்பது ஒரே ஆள். அதாவது நான்.

பெரிய அலைவாங்கி சரி. காற்றுச் சுத்திகரிப்பு சரி. இரண்டாவது சூடேற்றி வழக்கம்போல முனகுகிறது. ஓங்கி ஒரு தட்டு தட்டினால் அடங்குகிறது.

கீழே செவ்வாயில் இன்று குடியரசுத் தலைவர் தேர்தல். எனக்கு ஓட்டு இல்லை. கூடுதுறைக்கு வருகிறவர் பணிக்காலம் முடியும்வரை எந்தப் பக்கமும் இல்லை என்று உறுதிமொழி கொடுத்துவிட்டுத்தான் ஏற முடியும். முகடு, அடிவாரம் என்ற இரண்டு ஊர்களின் பேச்சும் என் வழியாகத்தான் போகிறது. தரைவழித் தொலைபேசிக் கம்பி போன புயலில் போனது, இன்னும் சரியாகவில்லை.

முகடு மேட்டுநிலத்தில் இருக்கிறது. அணுவுலை அங்கே, ஆகவே மின்சாரம் அவர்களுடையது. அடிவாரம் பள்ளத்தாக்கில். பனிச்சுரங்கம் அங்கே, ஆகவே தண்ணீர் இவர்களுடையது. குழாயும் மின்கம்பியும் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. பாதி வழியில் நடுமுகாம். பழுது பார்க்கிறவர்கள் இரண்டு ஊரிலிருந்தும் வந்து அங்கே குடும்பத்தோடு கலந்து இருக்கிறார்கள்.

என் தம்பி கஸ்பார் அடிவாரத்தில் தண்ணீர் நிலைய மேற்பார்வையாளன். அவன் மனைவி ஆக்னெஸ் முகட்டில் மின்நிலையப் பொறியாளர். வேலை பிரித்து வைத்திருக்கிறது. தினமும் என் வழியாகப் பேசிக்கொள்கிறார்கள். அவனுக்கு நான் அக்கா, அவளுக்கு மைனி. அவன் அடிவாரத்து வேட்பாளர் துரைச்சாமி கட்சி. அவள் முகட்டு வேட்பாளர் எஸ்தர் இளங்கோ கட்சி. இன்று காலை:

"ஏ ஆக்னெஸ், ஒங்க எஸ்தரம்மாவுக்கு நாளைக்கு அழ ஒரு கைக்குட்டை எடுத்து வச்சுக்கோ."

"ஒங்க ஐயா மீசை நாளைக்குத் தொங்கிரும். அதுக்குப் பசை வாங்கி வை போ."

சிரித்தார்கள். நானும்.

நாள் 13. மாலை 5:40

எஸ்தர் இளங்கோ பத்துக்கும் குறைவான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்ததாக முகட்டில் அறிவிப்பு. நடுமுகாம் பெட்டி புயலில் தாமதமாக வந்ததாம். அடிவாரத்து முகவர்கள் இல்லாமலே எண்ணியிருக்கிறார்கள். அந்தப் பெட்டியைத் தள்ளினால் துரைச்சாமிதான் தலைவர் என்று அடிவாரம் சொல்கிறது. இரண்டு அறிவிப்பையும் இரண்டு ஊருக்கும் அனுப்பினேன்.

கஸ்பார்: "எண்ணுனது யாரு அக்கா? அவங்க ஆளுதான. திருடனே பெட்டிய எண்ணுனா கணக்கு எப்படி இருக்கும்?"

ஆக்னெஸ்: "தோத்தா தோத்தேன்னு சொல்லணும் மைனி. அது ஒரு ஒழுங்கு. இவங்களுக்கு அது கிடையாது."

நடுமுகாம் தலைவர் இஞ்ஞாசி என்னை அழைத்தார்: "எங்க பெட்டியில என்னம்மா மர்மம்? இங்க ஒரே வீட்டுக்குள்ளயே ரெண்டு கட்சி. அது யாருக்கும் புரிய மாட்டேங்கு."

கஸ்பாரும் ஆக்னெஸும் இன்று ஒருவரையொருவர் கேட்கவில்லை. இணைக்கட்டுமா என்று நானும் கேட்கவில்லை.

நாள் 20. பகல் 12:30

முகட்டில் ஒரு பதவியேற்பு. அடிவாரத்தில் ஒரு பதவியேற்பு. அதே உறுதிமொழி, அதே சொற்கள். இரண்டையும் ஒலிபரப்பினேன்.

முகட்டிலிருந்து உத்தரவு: அடிவாரத்தின் தொடர்பைத் துண்டிக்கவும். கீழே "குடியரசுத் தலைவர்" என்று கையொப்பம்.

அடிவாரத்திலிருந்து உத்தரவு: முகட்டின் தொடர்பைத் துண்டிக்கவும். கீழே அதே கையொப்பம்.

இருவருக்கும் ஒரே பதில் அனுப்பினேன். கூடுதுறை எல்லோருக்கும் பொது, துண்டிக்க முடியாது.

அடிவாரத்தில் முகட்டில் பிறந்தவர்களை வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறார்கள். முகட்டில் எல்லோரும் கையில் எஸ்தர் கட்சியின் காவிமண் நிறப் பட்டை கட்ட வேண்டும். ஆக்னெஸ் முதல் நாளே கட்டியவள். ஆனாலும் வாசலில் நிறுத்தி, புருஷன் எங்கே என்று கேட்கிறார்களாம்.

"நான் கட்சியில கஷ்டப்பட்டப்ப இவனுங்க எங்க இருந்தானுங்க மைனி?" என்றாள். குரல் நடுங்கியது. கோபம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

நாள் 27. காலை 9:05

அடிவாரம் தண்ணீரை நிறுத்தியது. ஒரு மணி நேரத்துக்குள் முகடு மின்சாரத்தை நிறுத்தியது. அடிவாரத்தைக் கேட்டால் முறை மாறும். முகடு நிறுத்தப்போவது தெரிந்துதான் இவர்கள் நிறுத்தினார்களாம்.

பகலிலும் புழுதியிலும் பார்க்கிற வெப்பத் தொலைநோக்கியில் அடிவாரம் தெரியவில்லை. இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு பள்ளம். அங்கே மின்கலத்தில் காற்று இயந்திரம் ஓடுகிறது. முகட்டில் விளக்கு எரிகிறது. ஆனால் மூச்சுக்காற்று தண்ணீரைப் பிரித்துத்தான் வரவேண்டும். அதற்கு இருப்புத் தொட்டி மட்டுமே.

இரண்டு தலைவர்களும் உரையாற்றினார்கள். அவர்கள் ஒரு வாரம் தாங்க மாட்டார்கள், முதலில் அவர்கள்தான் கெஞ்சி வருவார்கள் என்று முகட்டிலும் கைதட்டல், அடிவாரத்திலும் கைதட்டல். பதிவில் இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை.

புயல் மறுபடி தொடங்கிவிட்டது. வண்டி எதுவும் போக முடியாது.

நாள் 31. காலை 10:20

நடுமுகாமுக்கு மின்சாரமும் இல்லை, தண்ணீரும் இல்லை. இஞ்ஞாசி பேசினார்.

"பிள்ளைகள எல்லாம் ஒரே அறைக்குக் கொண்டாந்துட்டோம் தாயி. சூடு போதல. யாராவது ஒருத்தர் கொஞ்சம் விடச் சொல்லு. ஒருமணி நேரம் விட்டாக்கூடப் போதும்."

முகட்டைக் கேட்டேன். "அடிவாரம் முதலில் தண்ணீர் விடட்டும்."

அடிவாரத்தைக் கேட்டேன். "முகடு முதலில் மின்சாரம் விடட்டும். அப்புறம் அந்த முகாம் யாருக்கு ஓட்டுப் போட்டது என்று உங்களுக்குத் தெரியுமல்லவா?"

இதை நான் இஞ்ஞாசியிடம் சொல்லவில்லை. பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றேன்.

நாள் 33. காலை 7:50

நடுமுகாமின் அலைவரிசை, கருவியின் சொந்த மின்கலத்தில், திறந்தே இருக்கிறது. யாரும் பேசவில்லை. யாரோ ஒலிவாங்கியைக் கையில் பிடித்தபடியே விட்டிருக்கிறார்கள். சுவரில் புழுதி அடிக்கிற சத்தம் மட்டும். நான் கூப்பிட்டேன். பெயர் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டேன், எனக்குத் தெரிந்த பெயர் எல்லாவற்றையும்.

அங்கே நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள்.

மாலையில் இரண்டு ஊரிலும் கொடியை அரைக்கம்பத்தில் இறக்கினார்கள். எஸ்தர் இளங்கோ அவர்களை நம் தியாகிகள் என்றார். துரைச்சாமியும் நம் தியாகிகள் என்றார்.

நாள் 34. பகல் 1:15

இதை எழுதியே ஆக வேண்டும். படிக்கிறவர் யாரானாலும் சரி.

காலையில் கஸ்பார்: "மின்கலம் நாளைக்குத் தாங்காது அக்கா. கரண்ட் வந்துச்சுன்னா மறுநிமிஷம் நான் தண்ணிய திறந்துருவேன், ஒருத்தன்ட்டயும் கேக்க மாட்டேன். ஆனா மொதல்ல திறந்தேன்னா என்னைய இங்கயே கொன்னுருவானுங்க."

அதன் பிறகு ஆக்னெஸ்: "தண்ணி வருதுன்னு மட்டும் தெரிஞ்சா போதும் மைனி, சுவிட்ச் என் கையிலதான் இருக்கு. ஆனா வராம நான் போட்டேன்னா நான் துரோகி."

குழாயில் தண்ணீர் முகட்டுக்கு ஏற அரை நாள் ஆகும். மின்சாரம் உடனே போய்விடும்.

நான் ஆக்னெஸிடம் சொன்னேன்: "கஸ்பார் திறந்துட்டான். தண்ணி வழியில இருக்கு."

"நெசமாவா?" என்றாள்.

"நெசம்" என்றேன்.

அவள் அழுதாள். "எனக்குத் தெரியும் மைனி. அவன் அப்படித்தான். வாய்தான் பெருசு." பிறகு மின்சாரத்தைப் போட்டாள்.

கறுப்புப் பள்ளத்தில் விளக்கு வந்தது. ஓர் ஓரத்தில் தொடங்கி வரிசையாக. கஸ்பார் கத்தினான்: "போட்டுட்டா அக்கா! எம்பொண்டாட்டி போட்டுட்டா!" பின்னால் சக்கரம் சுழல்கிற சத்தம் கேட்டது. அவன் தண்ணீரைத் திறந்துகொண்டிருந்தான்.

நாள் 37. காலை 11:00

இருவரையும் பிடித்து வைத்து விசாரித்தார்கள், அவரவர் ஊரில். எதிர் ஊரோடு பேச இருவருக்கும் தடை.

முகட்டு விசாரணைக் குழு என்னைக் கேட்டது: அடிவாரம்தானே முதலில் திறந்தது? ஆமாம் என்றேன்.

அடிவாரத்துக் குழு கேட்டது: முகடுதானே முதலில் மின்சாரம் விட்டது? ஆமாம் என்றேன்.

இரண்டு ஊரிலும் வெடி வெடித்தார்கள். எதிரி பணிந்துவிட்டான். ஆக்னெஸுக்கு முகட்டில் மாலை, கஸ்பாருக்கு அடிவாரத்தில் மாலை. தண்ணீர் ஓடுகிறது. மின்சாரம் ஓடுகிறது. தொலைநோக்கியில் இரண்டு ஊரும் பக்கத்துப் பக்கத்து வீடுபோல ஒளிர்கின்றன.

நடுமுகாம் அலைவரிசையை நான் அணைக்கவில்லை. அணைத்தால் அவர்களைத் தனியாக விட்டதுபோல இருக்கும். சாப்பிடும்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறது. சில நேரம் புழுதிச் சத்தத்துக்குள் யாரோ தொண்டையைச் செருமுகிறார்கள். கருவியை இரண்டு முறை சோதித்தேன். பழுது இல்லை.

நாள் 58. காலை 9:30

புயல் ஓய்ந்தது. உடல்களை எடுக்க இரண்டு ஊரிலிருந்தும் ஆட்கள் நடுமுகாமுக்குப் போகிறார்கள். கஸ்பாரும் ஆக்னெஸும் தாங்களே கேட்டுப் போகிறார்கள். போகாதீர்கள் என்று சொல்ல நினைத்தேன். என்ன காரணம் சொல்வேன்?

நாள் 59. காலை 10:40

போய்ச் சேர்ந்துவிட்டார்கள். திறந்திருந்த அந்த ஒலிவாங்கி வழியாக எல்லாம் கேட்கிறது. கொஞ்ச நேரம் அழுகைதான். இரண்டு பக்கத்து ஆட்களும் சேர்ந்து தூக்குகிறார்கள். "மெதுவா, மெதுவா, பிள்ளை" என்று ஒருவர் சொன்னார். எந்த ஊர்க்காரர் என்று தெரியவில்லை.

பிறகு ஆக்னெஸின் குரல்: "நீ மட்டும் மொதல்ல திறக்கலன்னா நானும் இப்படித்தான் கெடந்திருப்பேன்."

கஸ்பார்: "நானா? நீ போட்ட பெறகுதான புள்ள நான் திறந்தேன்."

கஸ்பார் மெதுவாகச் சிரித்தான். "அக்கா" என்றான். அவளும், "மைனி!" என்றாள். அவர்கள் இருவருக்கும் புரிந்துவிட்டது. கோபம் இல்லை, அது குரலில் தெரிந்தது.

மற்றவர்களும் கேட்டுவிட்டார்கள்.

10:55

ஒரு முகட்டுக்காரர் ஒலிவாங்கியில் கேட்டார்: "கூடுதுறை, யார் முதல்ல?"

எல்லோரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். ஆளுக்கொரு பதில் இனிச் சொல்ல முடியாது. உண்மையைச் சொன்னேன். மின்சாரம்தான் முதலில். ஆக்னெஸ் துரோகி இல்லை, பொய் சொன்னது நான். இல்லையென்றால் இரண்டு ஊரும் நடுமுகாம்போல ஆகியிருக்கும்.

"தம்பிக்காக ஏமாத்திருக்கா. இவ அடிவாரத்து ஆளு."

"எங்க ஆளா? ஒங்களுக்கு வெடி வெடிக்க வச்சது யாரு? ஒங்க ஆளுடா அவ."

அதற்குப் பிறகு அடிதடி. ஏதோ இரும்பு விழுந்தது. ஒருவர் அம்மா என்றார்.

11:20

முகட்டுக்குச் செய்தி போய்விட்டது. அங்கிருந்து, நடுமுகாமில் நிற்கிற தன் ஆட்களுக்கும் சேர்த்து, என் வழியாக உத்தரவு போகிறது: ஏமாற்றி வாங்கிய மின்சாரத்தை நிறுத்தவும். அடிவாரத்திலிருந்து: அவர்கள் நிறுத்தினால் தண்ணீரை நிறுத்தவும்.

இரண்டு ஊராலும் நிறுத்த முடியவில்லை. கஸ்பார் பேசினான், மூச்சிரைக்க.

"நாங்க பூட்டறைக்குள்ள இருக்கோம் அக்கா. நானும் ஆக்னெஸும். உள்ள பூட்டியாச்சு."

நடுமுகாமில் பூட்டறை என்று ஓர் அறை உண்டு. பழுது பார்க்கிறபோது ஊரில் யாரும் எதையும் மாற்றிவிடாமல் இருக்கக் கட்டியது. நின்றதை ஓட வைக்க அதனால் ஆகாது. ஓடுகிறதை யாரும் நிறுத்த முடியாதபடி செய்ய முடியும்.

ஆக்னெஸ்: "ரெண்டையும் திறந்தே பூட்டிட்டோம் மைனி. எவ்வளவு நேரம் முடியுமோ. ஊர்ல ஜனம் பாக்கட்டும், ரெண்டும் ஓடுதுன்னு. பாத்துட்டு அவங்களே கேக்கட்டும்."

இரண்டு ஊருக்கும் இதை ஒலிபரப்பினேன். திரும்பத் திரும்ப. பூட்டறையில் இரண்டு பேர் உங்களுக்காக இருக்கிறார்கள், உங்கள் விளக்கைப் பாருங்கள், உங்கள் குழாயைத் திறந்து பாருங்கள் என்று. முகட்டிலிருந்து பதில் இல்லை. அடிவாரத்திலிருந்து ஒரு பெண், "நீங்க எந்தக் கட்சி?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

12:10

கதவை அறுக்கிறார்கள்.

முகட்டுக்காரர்களிடம் அறுக்கிற இயந்திரம் இருக்கிறது, எரிவாயு இல்லை. அடிவாரத்துக்காரர்களிடம் எரிவாயு இருக்கிறது. சேர்த்துவிட்டார்கள்.

ஃபோபோஸ் வழக்கம்போல இறங்குகிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் நடுமுகாம் எனக்கு அடிவானத்துக்குக் கீழே போய்விடும். ஏழு மணி நேரம் எதுவும் கேட்காது.

கஸ்பார் உள்ளே பேசிக்கொண்டே இருக்கிறான். அவளுக்குத்தான், எனக்கில்லை. என்ன சொல்கிறான் என்று கேட்கவில்லை, இயந்திரம் பெரிதாக

12:25

விளக்கு இரண்டு ஊரிலும் எரிகிறது. பார்த்துக்கொண்டே எழுதுகிறேன்.

சத்தம் விட்டு விட்டு வருகிறது. ஒரு தரம் இயந்திரம் நின்றது. மனசு மாறிவிட்டார்கள் என்று நினைத்தேன். எழுந்து நின்றுவிட்டேன்.

இல்லை. ஒருவர் இருமினார். தண்ணீர் பாட்டில் மூடி திறக்கிற சத்தம். பிறகு ஒரு குரல், முகட்டுப் பேச்சு, பிரியமாக:

"நீங்க ரொம்ப நேரமா பிடிச்சிட்டீங்க, அடிவாரத்து அண்ணாச்சி. இந்தாங்க, கொஞ்சம் குடிங்க. மிச்சத்த நான் அறுக்கேன்."