வேலிக்கு மேலால் ஒரு பந்தல்

தெல்லிப்பழை
20-5-1943

அன்புள்ள அக்கா குணலட்சுமிக்கு,

இங்கே நானும் மகள் பத்மாவதியும் நலம். நீங்களும் சோமசேகரம் அத்தானும் நலம் என்பது உங்கள் அடுப்புப் புகையிலும் அத்தானின் தும்மலிலும் தெரிகிறது. இனி ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை என்று நாம் இருவரும் பிள்ளையார் முன்னால் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்து ஆறு வருடமாகிறது. எழுதுவது கதைப்பதாகுமா என்று நேற்றுப் பிள்ளையாரிடமே கேட்டேன். அவர் மறுப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே பக்கத்து வளவுக்குத் தபாலில் எழுதுகிறேன். சிரிக்க வேண்டாம்.

பத்மாவதிக்குக் கல்யாணம் பொருந்திவிட்டது. மாப்பிள்ளை சாவகச்சேரிப் பக்கம், பள்ளிக்கூட வாத்தியார். ஆனி பத்தாந் திகதி பகல் முகூர்த்தம். மண்ணெண்ணெய் கிடைக்காத காலத்தில் இராக் கல்யாணம் எங்களுக்குக் கட்டாது.

பத்மாவதியின் தகப்பன் மலாயாவிலிருந்து கடைசியாக எழுதியது நாற்பத்தோராம் ஆண்டு மார்கழியில். யப்பான்காரன் அங்கே புகுந்த பிறகு கடிதமும் இல்லை, காசும் இல்லை. அதனால் சோடனை முழுக்கக் கைவேலைதான். மணவறையை வாடகைக்கு எடுக்காமல், நாலு வாழைத்தண்டை நட்டுக் குருத்தோலை சுற்றப் போகிறேன். பத்மாவதி ஓலையில் கிளி பின்னுகிறாள். பின்னிய பதினொன்றில் எட்டு காகமாகிவிட்டது.

உங்கள் வளவில் குலை தள்ளிய வாழை இரண்டு வேலிக்கு மேலால் தெரிகின்றன. வாசலில் கட்டத் தருவீர்களா? கொஞ்சம் தென்னங்குருத்தும் வேண்டும்.

உங்கள் தங்கச்சி
சின்னத்தங்கம்


தெல்லிப்பழை
23-5-1943

சின்னத்தங்கத்துக்கு எழுதிக்கொள்வது.

உன் கடிதம் வந்தது. தபால்காரர் என் படலையில் மணி அடிக்க, நீ வேலிக்கு அங்கால் நின்று இருமியதும் கேட்டது. கல்யாணச் செய்தி ஊரெல்லாம் சுற்றிக் களைத்த பிறகுதான் பெரியம்மா வீட்டுக்குத் தபாலில் வருகிறது. நல்ல முறை.

என் வளவில் குலை தள்ளிய வாழை இரண்டல்ல, மூன்று. உனக்குத் தெரிந்த இரண்டில் ஒன்று கதலி, மற்றது மொந்தன். ஒரு வாசலில் இரண்டு சாதி வாழை கட்டினால் மாப்பிள்ளை வீட்டார் வழி முழுக்கச் சிரித்துக்கொண்டு போவார்கள். மூன்றாவதும் கதலி. இரண்டு கதலியையும் வெட்டித் தருகிறேன்.

அது கிடக்கட்டும், பந்தலுக்கு மேலே வெள்ளை எதனால் கட்டப் போகிறாய்? வெள்ளை கட்டாத பந்தலை மாட்டுக்கொட்டில் என்பார்கள். கடைகளிலோ துணி இல்லை. இவரிடம் பதினாலு வேட்டி இருக்கிறது. கேட்டேன். "எனக்கு உடுக்க ஒண்டை விட்டிட்டு மிச்சத்தை எடு" என்கிறார். ஒரு முழ நிலத்துக்காக ஊர் விதானையாரைக் கூட்டி வந்து வேலியை அளப்பித்தவரும் இவர்தான். வேட்டி தந்ததற்காக அதை மறந்துவிடாதே, நானும் மறக்கவில்லை.

மணவறைக்குப் பின்திரை என்ன செய்கிறாய்? உடனே எழுது.

குணலட்சுமி


தெல்லிப்பழை
27-5-1943

அன்புள்ள அக்காவுக்கு,

வேட்டிக்கும் வாழைக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பந்தலில் என்ன குறை வரும் என்று என்னைவிட உங்களுக்குத்தான் நித்திரை இல்லை என்று தெரிகிறது.

பின்திரைக்குக் கவலை இல்லை. என் கூறைச்சேலை பெட்டிக்குள் கிடக்கிறது. நல்ல சிவப்பு, சரிகையும் மங்கவில்லை. அதை மூன்றாகக் கிழித்தால் பின்திரைக்கும் வரும், தூண்களுக்குச் சுற்றவும் வரும். இனி அதை உடுத்துக்கொண்டு நான் எங்கே போகப் போகிறேன்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். நாலு நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். கன்னிகாதானம் செய்யத் தகப்பன் இல்லை. நீங்களும் அத்தானும் மணவறையில் இருந்து அந்தக் கடமையைச் செய்துவைக்க வேண்டும். நான் பின்னால் எங்காவது நின்று பார்த்துக்கொள்வேன். போன கிழமை கிணற்றடியில் சின்னாச்சி, "நீ இன்னும் பொட்டு வைக்கிறாய் என்ன?" என்று கேட்டாள். நான் பாதிக் குடத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். நல்ல காரியத்தில் என்னால் ஒரு பேச்சு வரக்கூடாது.

தங்கச்சி
சின்னத்தங்கம்


தெல்லிப்பழை
29-5-1943

என் தங்கச்சிக்கு,

கூறையில் கத்திரிக்கோல் வைத்தாயானால் வேலி பாய்ந்து வந்து உன் கையை முறிப்பேன். கதைப்பதில்லை என்றுதான் சத்தியம் செய்தேன், அடிப்பதில்லை என்று செய்யவில்லை.

அந்தக் கூறையை அன்றைக்கு நீ உடுக்கிறாய். பின்திரைக்கு மாங்கொப்பை நெருக்கமாகக் கட்டி, இடையிடையே பத்மாவதியின் காகங்களைச் செருகினால் போதும். சின்னாச்சி என் கையில் அகப்படட்டும்.

கன்னிகாதானத்துக்கு இவரும் நானும் இருப்போம். இதைக் கேட்கவா வாழைக்குலையில் தொடங்கினாய்? பத்மாவதி பிறந்தபோது அவளை முதலில் கையில் வாங்கியவள் நான். கேளாமலே வந்து இருந்திருப்பேன்.

உன் முற்றத்துக்குள் பந்தல் அடங்காது. இவர் நாளைக்கு வேலியில் இருபது முழம் பிரிக்கிறார். ஓலை உனக்கு எரிக்க உதவும். வந்து எல்லா வேலையும் செய்வேன், ஆனால் கதைக்க மாட்டேன். ஏதும் தேவையென்றால் பத்மாவதியிடம் சொல்லிவிடு.

அக்கா
குணலட்சுமி


தெல்லிப்பழை
26-6-1943

என் அன்புள்ள அக்காவுக்கு,

இதை நேரே சொல்ல வந்தால் அழுதுவிடுவேன், நீங்களும் ஏசுவீர்கள். ஆகவே எழுதுகிறேன்.

பந்தலை மாப்பிள்ளையின் தாயார் மெச்சிக்கொண்டே போனார். "பட்டணத்திலை எடுத்த சோடனையோ?" என்று கேட்டார். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அத்தானின் வேட்டி ஒன்றில் வெற்றிலைக் கறை இருந்ததல்லவா, அது சரியாக மாப்பிள்ளையின் தலைக்கு மேலே வந்துவிட்டது. அவர் மூன்று தரம் அண்ணாந்து பார்த்தார். காகங்களைக் கொக்கு என்று சொல்லிப் பிள்ளைகள் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் கூறை உடுத்திருந்தும், பந்தற்காலுக்குப் பின்னால்தான் நின்றேன். அத்தான் பத்மாவதியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "தண்ணி வாருங்கோ அம்மா" என்று ஐயர் சொல்ல, நீங்கள் செம்பை எடுத்தீர்கள். எடுத்ததை அப்படியே கீழே வைத்தீர்கள்.

"தங்கம்! எங்கையடி ஒளிச்சு நிக்கிறாய்? வந்து தண்ணியை வார். பெத்தவள் நீயெல்லோ!"

பந்தல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஐயர் ஏதோ சொல்ல வாய் எடுத்தார்.

"உவளின்ரை புருசன் மலாயாவிலை இருக்கிறான், ஐயா. வாறதுக்குக் கப்பல் இல்லாமல் நிக்கிறான், வேறை ஒண்டுமில்லை" என்றீர்கள். முன்னுக்கு இருந்த சின்னாச்சி குனிந்து பாயைப் பார்த்தாள்.

எப்படி வந்தேன் என்று தெரியாது. செம்பைச் சரித்த வேகத்தில் பாதித் தண்ணீர் அத்தானின் மடியில் போய்விட்டது. நீங்கள் உங்கள் கையை என் கைக்குக் கீழே கொடுத்துப் பிடித்தீர்கள். மிச்சத்தை இருவருமாக வார்த்தோம்.

வேலியைத் திரும்பக் கட்ட வேண்டாம் என்று அத்தானிடம் சொல்லுங்கள். அந்த ஒரு முழமும் உங்களுக்கே இருக்கட்டும்.

அக்கா, ஒன்றரை வருடமாக அவர் இருக்கிறார் என்று நான் வாய் திறந்து சொன்னதில்லை. சொன்னால் பொய்யாகிவிடுமோ என்று பயம். அதை நீங்கள் ஊர் நடுவில் நின்று சத்தமாகச் சொன்னீர்கள். இன்று காலையில் எழும்பி, மகளுடைய கல்யாணம் நடந்த விதத்தை அவருக்கு எழுதத் தொடங்கிவிட்டேன். கப்பல் ஓடத் தொடங்கியதும் அனுப்புவேன்.

இப்படிக்கு
திருமதி சின்னத்தங்கம் தியாகராசா